ஊர் என்றால் யார்? வான்கூவர் ஊசி மையமும் பொதுமக்கள் கருத்தும்

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பலர் தலித்துகள், அன்றாடக் கூலிகள். இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று அரசு அறிவித்ததும் டீக்கடையிலும் முகநூலிலும் ஒரே கேள்விதான் கேட்டது: "குடிச்சுச் செத்தவனுக்கு எதுக்குப் பத்து லட்சம்?" கேட்டவர்களில் படித்தவர்கள் இருந்தார்கள். நம் சொந்தக்காரர்களும் இருந்தார்கள். இதைத்தான் பொதுமக்கள் கருத்து என்கிறோம்.

இந்தக் கருத்து எங்கிருந்து வருகிறது, யாரைக் கணக்கில் சேர்க்கிறது, யாரை விடுகிறது, எப்போது மாறுகிறது? இதைப் புரிந்துகொள்ள நாம் இந்த முறை கனடாவின் வான்கூவர் நகரத்துக்குப் போகிறோம். வட அமெரிக்காவிலேயே முதன்முதலாகச் சட்ட அனுமதியுடன் ஒரு மருத்துவக் கண்காணிப்பு ஊசி மையம் திறக்கப்பட்ட நகரம் அது. போதை ஊசி போட்டுக்கொள்பவர்கள் தங்கள் சரக்கைத் தாங்களே கொண்டுவந்து, சுத்தமான ஊசியால், ஒரு செவிலியர் பார்த்துக்கொண்டிருக்கும்போது போட்டுக்கொள்ளும் இடம். "அரசாங்கமே போதைக்கு இடம் கொடுப்பதா?" என்று உங்களுக்குத் தோன்றினால், வான்கூவர்க்காரர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. நம் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

சட்டம் பிறந்த கதை

1907 செப்டம்பர் 7. ஆசியர்களை வெளியேற்று என்று முழங்கிய வெள்ளையர் கூட்டம் ஒன்று வான்கூவரின் சீனர் குடியிருப்புக்குள் புகுந்து கடைகளை உடைத்தது. அடுத்து ஜப்பானியர் வாழ்ந்த பவல் தெருவுக்குப் போனது. சேதத்தைக் கணக்கிட ஒட்டாவாவிலிருந்து மெக்கன்சி கிங் என்ற அதிகாரி அனுப்பப்பட்டார். பின்னாளில் பிரதமரானவர் இவர்தான். இழப்பீடு கேட்டு வந்தவர்களில் சீன அபின் வியாபாரிகளும் இருந்தார்கள். அதுவரை அது சட்டப்படியான தொழில். கிங் ஊருக்குத் திரும்பி அபினை ஒழிக்க வேண்டும் என்று அறிக்கை எழுதினார். 1908-ல் கனடாவின் முதல் போதைத் தடைச் சட்டம் வந்தது.

கலவரம் செய்தவர்கள் வெள்ளையர்கள். கலவரத்தின் முடிவில் கிடைத்ததோ சீனர்கள்மீது பாயும் ஒரு சட்டம். அந்தக் காலத்து வெள்ளையர் வீடுகளில் அபின் கலந்த மருந்துக் குப்பிகள் சர்வசாதாரணம். ஆனால் குற்றமாகக் கண்ணில் பட்டது சீனர் பிடித்த அபின்தான். எந்தப் போதை மருந்து, எந்தப் போதை குற்றம் என்பதைப் பல நேரங்களில் அந்தப் பொருள் தீர்மானிப்பதில்லை. அதைப் பயன்படுத்துகிறவர் யார் என்பதே தீர்மானிக்கிறது. சாதிச் சமூகத்தில் வளர்ந்த நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஆயிரம் சிலுவைகள்

அதே சீனர் குடியிருப்பையும் பவல் தெருவையும் ஒட்டிக் கிடக்கும் பகுதிதான் டவுன்டவுன் ஈஸ்ட்சைட். ஒரு காலத்தில் மரம் வெட்டும் தொழிலாளர்கள் வேலையில்லாத மாதங்களில் தங்கிய மலிவு விடுதிகள் நிறைந்த இடம். வேலை போனது, முதியவர்கள் மிஞ்சினார்கள். 1986 உலகக் கண்காட்சிக்காக அந்த விடுதிகளிலிருந்தே நூற்றுக்கணக்கானவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். மனநல மருத்துவமனை படுக்கைகளைக் குறைத்தபோது நோயாளிகள் வந்து சேர்ந்ததும் இங்கேதான். குழந்தைப் பருவத்திலேயே பெற்றோரிடமிருந்து பறித்துத் தங்கும் பள்ளிகளில் அடைக்கப்பட்ட பூர்வகுடி மக்களும், அவர்களுடைய பிள்ளைகளும் நகரத்தின் மற்ற பகுதிகளைவிட இங்கே மிக அதிகம். இந்தத் தெருக்களிலிருந்து பெண்கள், அதிலும் பூர்வகுடிப் பெண்கள், ஒவ்வொருவராகக் காணாமல் போனபோது போலீஸ் ஆண்டுக்கணக்கில் அக்கறை காட்டவில்லை என்பது பிற்பாடு அரசு அமைத்த விசாரணையிலேயே பதிவானது.

1990-களில் இங்கே ஹெராயினும் கொக்கைனும் ஊசி வழியாகப் பரவின. ஒரே ஊசியைப் பலர் பகிர்ந்ததில் எச்.ஐ.வி. காட்டுத்தீயாகப் பரவி, 1997-ல் உள்ளூர் சுகாதார வாரியம் அவசரநிலை அறிவித்தது. 1998-ல் மட்டும் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் சுமார் 400 பேர் ஓவர்டோஸில் இறந்தார்கள். பெரும்பாலான மரணங்களுக்கு ஒரே காரணம்தான்: சந்து முனையிலோ, பூட்டிய விடுதி அறையிலோ, கழிப்பறையிலோ தனியாகப் போட்டுக்கொண்டார்கள். மூச்சு நின்றபோது பக்கத்தில் ஆளில்லை. ஹெராயின் ஓவர்டோஸில் மூச்சுதான் முதலில் அடங்கும். அந்த நிமிடங்களில் ஒருவர் மூச்சுக் கொடுத்தாலோ, நலோக்சோன் என்ற மாற்று மருந்தைப் போட்டாலோ ஆள் பிழைத்துக்கொள்வார்.

1997 ஜூலையில் அப்பகுதியின் ஒப்பன்ஹைமர் பூங்காவில் 1,000 மரச் சிலுவைகள் நடப்பட்டன. ஒவ்வொன்றும் ஓவர்டோஸில் இறந்த ஒருவருக்காக. நடத்தியவர்களில் முக்கியமானவர் பட் ஆஸ்பார்ன். கவிஞர், அவரே ஹெராயினுக்கு அடிமையாக இருந்தவர். அவரும் ஆன் லிவிங்ஸ்டன் என்ற அமைப்பாளரும் சேர்ந்து பயன்படுத்துவோரையே கூட்டி வைத்துப் பேசத் தொடங்கினார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் 'வேன்டு' என்று அழைக்கப்படும் வான்கூவர் போதைப்பொருள் பயன்படுத்துவோர் கூட்டமைப்பு. தலைமையில் பயன்படுத்துவோரே இருப்பார்கள் என்பது அதன் விதி. சந்து சந்தாகச் சுற்றி ஊசி கொடுத்தார்கள், மயங்கிக் கிடந்தவர்களை எழுப்பினார்கள். பிற்பாடு அதிலிருந்து பூர்வகுடி மக்களுக்கென்று தனி அமைப்பும் கிளைத்தது. தம்மைப் பற்றிய பேச்சில் தாமே பேச வேண்டும் என்ற முடிவு இது. அதன் எடை நமக்குத் தெரியும்.

எதிர்த்தவர்கள் யார்?

2000-ல் சீனர் குடியிருப்பு, காஸ்டவுன், ஸ்ட்ராத்கோனா பகுதி வியாபாரிகளும் குடியிருப்போரும் ஒரு கூட்டணி கட்டினார்கள். இந்தப் பகுதியில் போதைப் பழக்கமுள்ளோருக்கு இனி புதிய சேவை எதுவும் வேண்டாம் என்பது அவர்கள் கோரிக்கை. நகரசபை சில மாதங்களுக்குத் தடை விதித்தது. வேன்டு உறுப்பினர்கள் ஒரு சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நகரசபைக் கூட்டத்துக்குள் நுழைந்தார்கள்.

இங்கே நாம் நேர்மையாக இருக்க வேண்டும். எதிர்த்தவர்களை எல்லாம் கல்நெஞ்சக்காரர்கள் என்று தள்ளிவிட முடியாது. கடை வாசலில் கிடக்கும் ஊசி, கல்லாவில் நடக்கும் திருட்டு, பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் பார்க்கும் காட்சி எல்லாம் உண்மை. "எல்லாச் சுமையும் ஏன் எங்கள் தெருவுக்கே வர வேண்டும்? பணக்காரர்கள் இருக்கும் மேற்குப் பக்கம் கொண்டுபோங்களேன்" என்ற கேள்வியிலும் நியாயம் உண்டு. 1908 சட்டத்தால் வேட்டையாடப்பட்ட சமூகத்தின் வாரிசுகளே 2000-ல் இந்த எதிர்ப்பின் முன்வரிசையில் நின்றார்கள் என்பது வரலாற்றின் கசப்பு. ஒடுக்கப்பட்ட ஒருவருக்கு மரியாதை கிடைக்கும் வழியாக, தனக்குக் கீழே இன்னொருவரைக் காட்டச் சொல்கிறது சமூகம். படிநிலை அப்படித்தான் உயிர் வாழ்கிறது.

கருத்து எப்படித் திரும்பியது?

ஐந்தாறு ஆண்டுகளில் அந்த நகரத்தின் பேச்சு மாறியது. மாற்றியவை என்னென்ன என்று பார்த்தால் நான்கு காரணங்கள் தெரிகின்றன.

முதலாவது, பயன்படுத்துவோர் கண்ணில் படத் தொடங்கினார்கள். கூட்டங்களுக்கு வந்தார்கள், எழுந்து பேசினார்கள். வேன்டு தலைவர்களில் ஒருவரான டீன் வில்சனையும் ஆன் லிவிங்ஸ்டனையும் மையமாக வைத்து நெட்டி வைல்ட் எடுத்த 'ஃபிக்ஸ்' என்ற ஆவணப்படம் 2002-ல் வந்து, ஊர் ஊராகத் திரையிடப்பட்டு விவாதிக்கப்பட்டது.

இரண்டாவது, பழமைவாதப் பக்கத்திலிருந்தே ஒருவர் மனம் மாறினார். மேயர் ஃபிலிப் ஓவன் தொழிலதிபர், வலதுசாரிக் கட்சிக்காரர். பயன்படுத்துவோரை நேரில் சந்தித்துப் பேசிய பிறகு, தடுப்பு, சிகிச்சை, சட்ட நடவடிக்கை, தீங்கு குறைப்பு என்ற 'நான்கு தூண்கள்' திட்டத்தை 2001-ல் நகரசபையில் நிறைவேற்றினார். இதற்காக அவர் சொந்தக் கட்சியின் ஆதரவை இழந்தார்.

மூன்றாவது, வெளிநாட்டு முன்னுதாரணம். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்தில் 1986-லேயே இத்தகைய மையம் திறக்கப்பட்டிருந்தது. ஃபிராங்பர்ட், சூரிச் அனுபவங்களும் இருந்தன. "யாரும் செய்யாததையா செய்யச் சொல்கிறோம்?" என்று கேட்க முடிந்தது.

நான்காவதுதான் நம்மைச் சுடுவது. வசதியானவர்கள் வாழும் மேற்குப் பக்கத்திலும் பிள்ளைகள் அடிமையாகியிருந்தார்கள். 'துயரத்திலிருந்து செயலுக்கு' என்ற பொருள்படும் பெயரில் பெற்றோர் ஓர் அமைப்பு தொடங்கி, தங்கள் பிள்ளைகளைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார்கள். அதன்பிறகு "போதைப் பொறுக்கி" என்ற சொல்லைச் சொல்லப் பலருக்கு நாக்கு கூசியது. பூர்வகுடித் தாய்மார்கள் அதற்கு முன்பே அழுதுகொண்டுதான் இருந்தார்கள். அந்த அழுகை பொதுக்கருத்தாகவில்லை.

2002 நவம்பர் மேயர் தேர்தலில், முன்பு போலீஸ்காரராகவும் பிறகு மாகாணத் தலைமை மரண விசாரணை அதிகாரியாகவும் இருந்த லாரி கேம்ப்பெல், ஊசி மையம் திறப்பேன் என்று சொல்லியே போட்டியிட்டுப் பெரும் வெற்றி பெற்றார். அப்போதும் காரியம் இழுத்தது. 2003 ஏப்ரலில் வேன்டு ஆதரவாளர்கள் காரல் தெருவில் அனுமதியில்லாமலே ஒரு மையத்தை நடத்தத் தொடங்கினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில், மத்திய அரசின் போதைச் சட்டத்திலிருந்து விலக்கு பெற்று, 139 கிழக்கு ஹேஸ்டிங்ஸ் தெருவில் 'இன்சைட்' திறந்தது.

12 தடுப்பு மேசைகள், ஒவ்வொன்றின் முன்னும் ஒரு கண்ணாடி. செவிலியர்கள், ஆக்சிஜன், நலோக்சோன். வெளியே போகும் முன் உட்கார்ந்து டீ, காபி குடிக்க ஓர் அறை. விரும்புகிறவர்களுக்காக 2007 முதல் மாடியிலேயே போதை மீட்புப் படுக்கைகள். 2011-ல் லான்செட் இதழ் வெளியிட்ட ஆய்வின்படி, மையம் திறந்த பிறகு சுற்றியுள்ள 500 மீட்டருக்குள் ஓவர்டோஸ் மரணங்கள் 35 சதவீதம் குறைந்தன. நகரத்தின் மற்ற பகுதிகளில் குறைந்தது சுமார் 9 சதவீதம்.

நீதிமன்றத்தில்

2006-ல் ஸ்டீபன் ஹார்ப்பரின் பழமைவாத அரசு வந்தது. 2008-ல் விலக்கை நீட்டிக்க மறுத்தது. மையத்தை நடத்திய போர்ட்லண்ட் ஹோட்டல் சொசைட்டியோடு டீன் வில்சன் உள்ளிட்ட பயன்படுத்துவோரும் வழக்குப் போட்டார்கள். போதைக்கு அடிமையானது அவர்கள் தேர்வு, விளைவையும் அவர்களே ஏற்கட்டும் என்பதுதான் அரசின் வாதம். கருணாபுரத்தில் கேட்ட அதே குரல், சட்ட மொழியில்.

2011 செப்டம்பர் 30 அன்று கனடா உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே தீர்ப்பு சொன்னார்கள். இன்சைட் உயிர்களைக் காக்கிறது, பொதுப் பாதுகாப்புக்குக் கேடு எதுவும் நிரூபிக்கப்படவில்லை, அமைச்சரின் மறுப்பு தன்னிச்சையானது, உயிர் வாழும் உரிமையை மீறுவது. அரசு முன்வைத்த "தேர்வு" என்ற வாதத்தையும் நிராகரித்தார்கள்.

இந்த இடத்தில் பாபாசாகேப் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. 1923-ல் பம்பாய் சட்டமன்றம் பொதுக் குளங்களை எல்லோருக்கும் திறக்கத் தீர்மானம் போட்டது. 1924-ல் மகாட் நகராட்சியும் அதை ஏற்றது. ஆனாலும் சவுதார் குளத்தில் நம் மக்கள் கை நனைக்க முடியவில்லை, ஏனென்றால் ஊர் ஒப்பவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் நடந்துபோய்த் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசும்போது, அரசியல் சாசன ஒழுக்கம் தானாக வரும் உணர்வல்ல, அதை வளர்த்தெடுக்க வேண்டும் என்று அவர் எச்சரித்ததன் பின்னால் இந்த அனுபவம் இருந்தது என்றே நாம் படிக்கிறோம். பெரும்பான்மைக்குப் பிடிக்கிறதா என்பதை வைத்து ஒரு மனிதர் உயிர் வாழும் உரிமையை அளக்க முடியாது.

ஊர் ஒப்புதல் என்ற பூட்டு

தீர்ப்புக்குப் பிறகு ஹார்ப்பர் அரசு நேரடியாகத் தடுக்கவில்லை. 2015-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன் பெயரே 'சமூகங்களுக்கு மரியாதை' சட்டம். புதிய மையம் வேண்டுமென்றால் போலீஸ் தலைவர், நகரசபை ஆகியோரின் கடிதங்கள், அக்கம்பக்கத்தாரிடம் கருத்துக் கேட்ட அறிக்கை என்று இருபதுக்கும் மேற்பட்ட ஆவணங்கள் தேவை. பார்த்தால் ஜனநாயகம்போல இருக்கிறது. ஆனால் அந்த "சமூகத்தில்" சந்தில் படுத்திருப்பவர் இருக்கிறாரா? வாடகை ரசீது இல்லாதவர் குடியிருப்போர் கூட்டத்துக்கு எப்படிப் போவார்? நம் கிராமங்களில் "ஊர்க்கூட்டம்" என்றால் சேரி அதில் சேர்த்தி இல்லை. அதே வேலையை அந்தச் சட்டத்தில் "சமூகம்" என்ற சொல் செய்தது. 2017-ல் அடுத்த அரசு நிபந்தனைகளை வெகுவாகக் குறைத்தது. ஆனாலும் சமூகத்தின் ஆதரவு, எதிர்ப்பு பற்றிய விவரம் என்ற அம்சம் அதிலும் நீடித்தது.

இதற்கிடையில் ஃபென்டானில் வந்துவிட்டது. ஹெராயினைவிடப் பல மடங்கு வீரியமுள்ள, ஆய்வகத்தில் தயாராகும் பொருள். 2016 ஏப்ரலில் மாகாணம் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் ஆன் லிவிங்ஸ்டன், சாரா பிளைத் போன்றவர்கள் யாரிடமும் அனுமதி கேட்காமல் ஈஸ்ட்சைட்டில் கூடாரம் போட்டு, நலோக்சோனுடன் உட்கார்ந்தார்கள். டிசம்பரில் மாகாண அரசு இத்தகைய இடங்களை உத்தரவு போட்டு ஏற்றுக்கொண்டது. 2017-ல் மாகாணத்தின் பூர்வகுடி சுகாதார ஆணையம் ஒரு கணக்கை வெளியிட்டது: மற்றவர்களோடு ஒப்பிட்டால் பூர்வகுடி மக்கள் ஓவர்டோஸுக்கு ஆளாகும் வாய்ப்பு 5 மடங்கு, இறக்கும் வாய்ப்பு 3 மடங்கு. 1908-ல் தொடங்கிய கதையின் சுமை யார் தலையில் இறங்கியது என்பதற்கு இந்த இரண்டு எண்கள் போதும்.

மீண்டும் காற்று திரும்புகிறது

வென்றுவிட்டோம் என்று முடிக்க நமக்கும் ஆசைதான். ஆனால் 2023-ல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2,500-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். விஷமாகிப்போன சரக்கை ஒரு சில மையங்களால் ஈடுகட்ட முடியாது. மக்கள் கண்ணில் பட்டதோ, வீடில்லாதோர் கூடாரங்களும் தெருவில் புகைப்பவர்களும்தான். "இத்தனை மையம் திறந்தும் என்ன பயன்?" என்ற கேள்வி எழுந்தது. சிறு அளவு வைத்திருப்பது குற்றமில்லை என்று 2023 ஜனவரியில் தொடங்கிய சோதனைத் திட்டத்தில், பொது இடங்களுக்கு 2024 மே மாதமே மீண்டும் தடை வந்தது. ஒண்டாரியோ மாகாணம் பள்ளிகளிலிருந்தும் குழந்தைகள் காப்பகங்களிலிருந்தும் 200 மீட்டருக்குள் மையங்கள் கூடாது என்று சொல்லி, 10 மையங்களை 2025 மார்ச்சுக்குள் மூடுவதாக 2024 ஆகஸ்டில் அறிவித்தது.

சுவிட்சர்லாந்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே 1997-ல் தீங்கு குறைப்புக்கு எதிரான கடும் தடைக் கோரிக்கையை மக்கள் வாக்கெடுப்பில் சுமார் 70 சதவீதம் பேர் தோற்கடித்தார்கள். 2008-ல் நான்கு தூண்கள் கொள்கையைச் சட்டமாக்க 68 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். அதே நாளில் கஞ்சாவைச் சட்டப்படியாக்கும் கோரிக்கையை நிராகரித்தார்கள். அந்த மக்களுக்குப் போதை பிடித்துப்போய்விடவில்லை. ஊசி மையத்தோடு சிகிச்சையும் வீடும் சேர்ந்து வந்தன, திறந்தவெளிப் போதைச் சந்தைகள் குறைந்தன, அதைக் கண்ணால் பார்த்தார்கள். கனடாவில் மையங்கள் வந்தன. வீடும் சிகிச்சைப் படுக்கையும் போதுமான அளவு வரவில்லை. பழி மட்டும் மையங்கள்மீது விழுந்தது.

நமக்கு என்ன?

இந்தியாவில் இத்தகைய மையங்கள் இல்லை. ஊசி மாற்றித் தருவதும், ஹெராயினுக்குப் பதிலாக மாத்திரை தருவதும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் ஓசையில்லாமல் நடக்கின்றன. நம் தெருக்களில் பெண்கள் சாராயத்தை எதிர்த்துப் போராடுகிறார்கள். அந்தப் போராட்டம் நம்முடையது, அதை விட்டுக்கொடுக்க முடியாது. குடியையும் போதையையும் எங்கள் பிள்ளைகளின் கையில் திணிக்கிறார்கள் என்ற கோபம் பூர்வகுடி மக்களிடமும் உண்டு. மதுவைத் தடைசெய்த பூர்வகுடி ஊர்களும் கனடாவில் உண்டு. ஆனால் விற்பவனை எதிர்ப்பதும் விழுந்தவனைச் சாக விடாமல் இருப்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. செத்தவனுக்குச் சிகிச்சை கொடுக்க முடியாது.

களப்பணிக்குப் போகும் இடங்களில் "இவன் எல்லாம் திருந்த மாட்டான் சார்" என்று எங்களிடம் சொல்லாத தெரு இல்லை. சொல்பவர் பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரர், சில நேரம் அவனைப் பெற்ற அம்மா. அவர்களோடு சண்டை போட்டுப் பயனில்லை என்பதை வான்கூவரும் சொல்கிறது. அங்கே கருத்தை மாற்றியவர்கள், கருத்து மாறட்டும் என்று காத்திருக்கவில்லை. இறந்தவர்களை எண்ணினார்கள், சிலுவை நட்டார்கள், கூடாரம் போட்டார்கள், வழக்குக்குப் போனார்கள், எதிர்த்தவர்களோடு அதே மண்டபத்தில் உட்கார்ந்து பேசினார்கள். கருத்து பின்னால் வந்தது. மறுபடி விலகியும் போயிருக்கிறது. அதனால்தான் உரிமையைச் சட்டத்திலும் எழுத வேண்டியிருக்கிறது, தெருவிலும் பேச வேண்டியிருக்கிறது.

கல்லூரியில் படிக்கும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை "மக்கள் இதை ஏற்க மாட்டார்கள்" என்று யாராவது சொன்னால், எந்த மக்கள் என்று கேளுங்கள். கருத்துக்கணிப்பில் கேட்கப்பட்டவர்கள் யார், கேட்கப்படாதவர்கள் யார் என்று பாருங்கள். "குடிச்சுச் செத்தவனுக்கு எதுக்குப் பத்து லட்சம்?" என்று வீட்டில் யாராவது கேட்டால், கருணாபுரத்தில் ஒரே நாளில் அப்பாவையும் அம்மாவையும் இழந்த பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள். அவர்களும் பொதுமக்கள்தான்.

ஜெய்பீம்.